காப்புக் கட்டியவனுக்குச் சாவு எந்த வழியால் வரும்?

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டி, கோணேசர் கோயிலை நோக்கி ஏறினால் இராவணன் வெட்டு வரும். சுவாமிமலைப் பாறை வாள்பட்டுப் பிளந்ததுபோல நிற்கும். கீழே கடல் அடித்துக்கொண்டிருக்கும். திருகோணமலைப் பிள்ளைகள் பலர் இராவணன் கதையை அந்த இடத்தில் நின்றுதான் முதலில் கேட்டிருப்போம். தேவர், அசுரர், இயக்கர், நாகர் என எவராலும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று பிரமனிடம் வரம் வாங்கினான். மனிதரைக் கணக்கில் எடுக்கவில்லை. விட்ட இடத்தால்தான் சாவு வந்தது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட வரும் புதியவர்களுக்குச் சாவைத் தடுக்கும் மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்த வரத்திலிருந்துதான் தொடங்குவேன். மந்திரமும் வரம் போன்றதுதான். அதன் வாசகம் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் செய்யும்.

இதை எழுத உட்காரவைத்தது எங்கள் ஆட்ட மேசையில் நடந்த ஒரு பாத்திரத்தின் சாவு. உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடி விளையாடுகிறோம். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்திக்கொண்டு விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்பவள். புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி கிளெரிக், அதாவது தெய்வசக்தியால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம் எடுத்திருந்தாள். கடலுக்கடியில் மூழ்கிய ஒரு கோயிலுக்குள் தன் தோழன் இறங்கும் முன்பே அவனைத் தொட்டு டெத் வார்ட் என்ற சாவுக் காப்பு மந்திரத்தைப் போட்டுவிட்டாள். அவன் உள்ளே சிக்கிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்தான். "அக்கா, நான் காப்புப் போட்டனான்தானே? பிறகு எப்பிடிச் செத்தவர்?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. மாதக்கணக்காக எல்லோரும் சேர்ந்து வளர்த்த ஒரு பாத்திரம் போனால் அப்படித்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் கொடுக்கவேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

ஆட்டமே தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. ஆளுக்கு ஒரு பாத்திரம், ஒரு டி.எம்., பல முகங்கள் கொண்ட பகடைகள், மீதியெல்லாம் வாயால் சொல்லி நடத்தும் கதை. நாங்கள் விளையாடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதற்கு 2024இல் ஒரு திருத்தம் வந்தது. வித்தியாசம் முக்கியமாகும் இடங்களில் சொல்கிறேன். 2014 விதிகளின் பெரும்பகுதியை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டார்கள். டெத் வார்ட்டும் அதில் இருக்கிறது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் இறக்கிக் கொடுப்பேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஹிட் பாயிண்ட் உண்டு. எங்கள் மேசையில் அதை உயிர்ப்புள்ளி என்கிறோம். அடி விழ விழ அது குறையும். பூச்சியத்தைத் தொட்டால் உடனே சாவு இல்லை, மயங்கி விழுவீர்கள். அதன்பின் உங்கள் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை தேறும், மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. 20 விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளியோடு எழும்பிவிடலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இதைச் சாவு வீச்சு என்று வைத்துக்கொள்வோம்.

இதைத் தாண்டி நேரடிச் சாவும் உண்டு. ஓர் அடி உங்களைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோன பிறகும் மிச்சமாக இருக்கும் சேதம், உங்கள் முழு உயிர்ப்புள்ளி அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால், சாவு வீச்சுக்கே இடமில்லை. அந்தக் கணமே முடிந்தது.

சரி, இப்போது காப்பு.

டெத் வார்ட் நான்காம் நிலை மந்திரம். (நிலை என்பது மந்திரத்தின் பலம், லெவல் என்பது பாத்திரத்தின் வளர்ச்சி.) கிளெரிக்குக்கு ஏழாம் லெவலில் கிடைக்கும், பலடின் என்ற தெய்வசக்தி கொண்ட போர்வீரனுக்குப் பதின்மூன்றில். ஒருவரைத் தொட்டுப் போடவேண்டும். எட்டு மணி நேரம் நிற்கும். போட்டவர் அதன்மேல் மனதைக் குவித்து வைத்திருக்கத் தேவையில்லை. போட்டுவிட்டு வேறு மந்திரங்களைத் தாராளமாகப் பாவிக்கலாம். ஊரில் காப்புக் கட்டுவதுபோலவேதான், ஒருமுறை கட்டினால் அது பாட்டுக்கு இருக்கும். அதனால்தான் நாங்கள் அதற்குக் காப்பு என்று பெயர் வைத்தோம்.

அதன் வாசகத்தில் இரண்டு பகுதிகள். முதலாவது: சேதம் பட்டதன் விளைவாகப் பூச்சியத்துக்கு இறங்கவேண்டிய முதல் தடவை, பூச்சியத்துக்குப் போகாமல் 1இல் நிற்பீர்கள், மந்திரம் முடியும். இரண்டாவது: சேதம் எதுவும் கொடுக்காமல் கணத்தில் கொல்லும் ஒரு விளைவு உங்கள்மேல் வந்தால், அது உங்களைப் பொறுத்தவரை செல்லாது, மந்திரம் முடியும். இரண்டில் எது முதலில் வந்தாலும் காப்பு அறுந்துவிடும். ஒரு காப்பு, ஒரே ஒரு தடவை.

இந்த இரண்டு வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பழகினால் மற்ற விதிகளோடு அது எப்படி உரசும் என்பது தானாக விளங்கும். முதல் வாக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது "இறங்கவேண்டிய" என்ற சொல். "இறங்கிய பிறகு" என்று அது சொல்லவில்லை. இறங்குவதற்கு முன்னாலேயே காப்பு குறுக்கே கையை நீட்டிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏழாம் லெவல் போர்வீரன் ஒருவன். முழு உயிர்ப்புள்ளி 60. சண்டையில் அடிபட்டு இப்போது 14இல் நிற்கிறான். டிராகன் நெருப்பை ஊதுகிறது, 80 சேதம். 14 போக மிச்சம் 66. அது 60ஐ விடக் கூட. ஆகவே நேரடிச் சாவு, சாவு வீச்சு கிடையாது. இதே ஆளுக்குக் காப்பு இருந்தால்? அவன் பூச்சியத்துக்கு இறங்கவேயில்லை, 1இல் நின்றுவிட்டான். "பூச்சியத்துக்குக் கொண்டுபோன பிறகு மிச்சம்" என்ற நேரடிச் சாவு விதிக்கு அங்கே வேலையே இல்லை. மிச்ச 66ம் காற்றோடு போயிற்று. புதியவர்கள் இதை நம்பமாட்டார்கள், "இவ்வளவு பெரிய அடியையுமா தாங்கும்?" என்பார்கள். தாங்கும். 800 சேதம் வந்தாலும் தாங்கும்.

டிஸ்இன்டக்ரேட் என்ற ஆறாம் நிலை மந்திரத்துக்கும் இதே பதில். பத்து ஆறுமுகப் பகடைகளோடு 40ஐயும் கூட்டிச் சேதம் கொடுத்து, அந்தச் சேதம் உங்களைப் பூச்சியத்தில் விட்டால் உடம்பைச் சாம்பலாக்கும் மந்திரம் அது. காப்பு இருந்தால் நீங்கள் 1இல் நிற்கிறீர்கள். பூச்சியம் இல்லையென்றால் சாம்பலும் இல்லை. பவர் வேர்ட் கில் ஒன்பதாம் நிலை. 100 அல்லது அதற்குக் குறைந்த உயிர்ப்புள்ளி உள்ளவரை ஒரு சொல்லால் கொல்லும். அங்கே சேதமே இல்லை, கணத்தில் சாவு. காப்பின் இரண்டாம் வாக்கியம் அப்படியே அதற்கென்று எழுதியதுபோலப் பொருந்தும்.

இப்போது ஹாஃப்-ஆர்க் இனத்தவரைப் பாருங்கள். அவர்களுக்குப் பிறவியிலேயே ஒரு பிடிவாதம் உண்டு: பூச்சியத்துக்கு இறக்கப்பட்டு, ஆனால் அங்கேயே கொல்லப்படாதபோது, பூச்சியத்துக்குப் பதிலாக 1இல் நிற்கலாம். நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. மேலோட்டமாகப் பார்த்தால் காப்பும் இதுவும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் "அங்கேயே கொல்லப்படாதபோது" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அதே 60 புள்ளி, அதே 14, அதே 80 சேதம். ஹாஃப்-ஆர்க் செத்துவிடுவான், ஏனென்றால் அது நேரடிச் சாவு. டிஸ்இன்டக்ரேட் பட்டாலும் அப்படித்தான். பிடிவாதம் சாம்பலாவதைத் தடுக்காது என்று ஆட்டத்தை உருவாக்கியவர்களே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு துணை வாக்கியம் ஒருவனைப் பிழைக்கவைக்கிறது, மற்றவனைச் சாகவிடுகிறது. விதிகளை வாசிப்பதில் எனக்குள்ள ஆசையே இந்த மாதிரி இடங்களால் வந்ததுதான்.

இரண்டும் ஒருவனிடம் இருந்தால்? ஹாஃப்-ஆர்க்குக்கு யாரோ காப்புப் போட்டிருக்கிறார்கள், அடி விழுகிறது. என் வாசிப்பில் காப்புத்தான் முந்தும். அது "இறங்கவேண்டிய" கணத்தில் வேலைசெய்கிறது. பிடிவாதம் "இறக்கப்பட்ட" பிறகு வருகிறது. காப்பு தடுத்துவிட்டதால் அவன் இறக்கப்படவேயில்லை, பிடிவாதம் செலவாகாமல் கையில் இருக்கும். அடுத்த அடிக்கு அதைப் பாவிக்கலாம். முன்னணியில் நின்று அடிவாங்கும் ஹாஃப்-ஆர்க்குக்குக் காப்புப் போடுவது அதனால் நல்ல யோசனை. ஆனால் வரிசையை மாற்றி, "நான் முதலில் என் பிடிவாதத்தைப் பாவிக்கிறேன், காப்பை வைத்துக்கொள்கிறேன்" என்று அவன் கேட்கமுடியாது. ஹாஃப்-ஆர்க்குக்கு "நிற்கலாம்" என்று எழுதியிருக்கிறது. காப்பில் அப்படித் தெரிவு இல்லை. நேரம் வந்தால் அது தானாக வேலைசெய்து தானாக முடியும்.

கடலில் செத்தவனின் வழக்கு

இனி தங்கச்சியின் கேள்விக்கு வருவோம்.

2014 விதிகளில் மூச்சுப் பிடிப்பது இப்படி: ஒரு நிமிடத்தோடு உங்கள் உடலுறுதி எண்ணை (உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்) கூட்டினால் எத்தனை நிமிடமோ, அவ்வளவு நேரம் பிடிக்கலாம். மூச்சு தீர்ந்தபின் அந்த உடலுறுதி எண் எத்தனையோ அத்தனை சுற்று தாங்கும். குறைந்தது ஒரு சுற்று. சுற்று என்பது ஆறு வினாடி. செத்தவனுக்கு உடலுறுதி +2. ஆக மூன்று நிமிடம், பிறகு பன்னிரண்டு வினாடி. அதற்குப் பிறகு அவன் முறை தொடங்கும்போது பூச்சியத்துக்கு இறங்கிச் சாகக் கிடப்பான். திரும்ப மூச்சு எடுக்கும்வரை குணப்படுத்தவும் முடியாது, நிலைதேற்றவும் முடியாது.

காப்பின் முதல் வாக்கியத்தை இதோடு வைத்துப் பாருங்கள். "சேதம் பட்டதன் விளைவாக." மூச்சுமுட்டல் சேதம் கொடுக்கவில்லை; நேராகப் பூச்சியத்துக்குத் தள்ளுகிறது. முதல் வாக்கியம் பொருந்தாது. இரண்டாவது "கணத்தில் கொல்லும் விளைவு." மூச்சுமுட்டல் கணத்தில் கொல்லவில்லை, சாகக் கிடத்துகிறது, அவ்வளவுதான். இரண்டாவதும் பொருந்தாது. பிறகு சாவு வீச்சு மூன்று தோற்றுச் செத்தால்? அது கணத்தில் வந்த சாவு இல்லை, மூன்று தோல்வி சேர்ந்து வந்த சாவு.

இரணியன் வரம் நினைவுக்கு வருகிறது. பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, மனிதனாலும் இல்லை மிருகத்தாலும் இல்லை. கடைசியில் அந்திவேளையில், வாசற்படியில், நரசிங்கத்தின் மடியில் முடிந்தது. காப்பின் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அப்படி ஒரு வாசற்படி இருக்கிறது: சேதம் இல்லாமல் பூச்சியத்துக்கு இறங்குவது. எங்கள் ஆள் செத்தது அந்த வாசற்படியில்தான்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லவில்லை. காப்பு அவனை 1இல் நிறுத்தியிருந்தாலும் அவன் தண்ணீருக்குள்தான் இருக்கிறான். காப்பு உயிரைப் பிடித்துவைக்கும், மூச்சைத் தராது. சங்கு குளிக்கவோ மீன் சுடவோ சுழியோடிகள் இறங்கும் கடலுக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு அது விளங்காத விஷயமில்லை. அவனுக்கு அன்று தேவைப்பட்டது வாட்டர் பிரீதிங் என்ற மூன்றாம் நிலை மந்திரம். கிளெரிக்கிடம் அது இல்லை; இயற்கை மந்திரக்காரரான எங்கள் ட்ரூயிட்டிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதே வாசற்படியில் இன்னொன்றும் நிற்கிறது, அங்கே என் தீர்ப்பு வேறு. பான்ஷி என்ற பேயின் ஓலம். 2014 விதியில் அதைக் கேட்டு உடலுறுதித் தற்காப்பு வீச்சில் (பாதிப்பைத் தடுக்க உருட்டும் பகடையில்) தோற்றவர் பூச்சியத்துக்கு இறங்குவார். சேதம் இல்லை, கணச் சாவும் இல்லை. எழுத்துப்படி காப்பு வாய் திறக்காது. ஆனாலும் நான் வேலைசெய்ய விடுவேன். ஒரு பேயின் ஓலம் உயிரைப் பிடுங்க வருகிறது. சாவுக்கெதிரான காப்பு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 திருத்தத்தில் "சேதம் பட்டதன் விளைவாக" என்ற சொற்களையே எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தக் காரணத்தால் பூச்சியத்துக்கு இறங்கவேண்டி வந்தாலும் காப்பு 1இல் நிறுத்தும். அந்த வாசற்படியை அவர்களே அடைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். புதிய விதியில் மூச்சுமுட்டலும் மாறிவிட்டது: மூச்சு தீர்ந்தவருக்கு ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒரு படி களைப்பு ஏறும், ஆறாம் படியில் சாவு. அப்படியானால் அந்த ஆறாம் படிச் சாவைக் காப்பின் இரண்டாம் வாக்கியம் ஒருதடவை மறிக்கும். ஆறு வினாடியில் மறுபடி அதே படி வந்து நிற்கும்.

ஷேடோ என்ற நிழல் பூதத்தைப் பற்றி மேசைக்கு மேசை தீர்ப்பு மாறும். அது தொட்டால் சேதமும் உண்டு, உடல்வலிமை எண்ணும் குறையும். வலிமை பூச்சியமானால் சாவு. சாவு வலிமைக் குறைவால் வருகிறது, ஆனால் அதே தொடுகை சேதமும் கொடுத்திருக்கிறது. "சேதம் கொடுக்காமல்" என்ற சொல்லை இறுக்கிப் பிடித்தால் காப்பு தடுக்காது. நான் இறுக்கிப் பிடிப்பேன். அந்தப் பூதம் பயமாக இருக்கவேண்டும்.

ஏற்கெனவே விழுந்தவருக்கு

புதிய கிளெரிக்குகள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று. தோழன் விழுந்து கிடக்கிறான், சாவு வீச்சில் இரண்டு தோல்வி. ஓடிப்போய்த் தொட்டு டெத் வார்ட் போடுகிறார்கள். எதுவும் நடக்காது. அவன் ஏற்கெனவே பூச்சியத்தில் இருக்கிறான்; இனி அங்கே "இறங்க" முடியாது. கிடப்பவன்மேல் அடி விழுந்தால் அது ஒரு சாவுத் தோல்வி, கடும் அடியென்றால் இரண்டு. அதையும் காப்பு மறிக்காது. கிடப்பவனுக்கு வேண்டியது ஹீலிங் வேர்ட் போன்ற சின்னக் குணமாக்கல். அறுபது அடி தூரத்திலிருந்தே போடலாம், முறைக்கு ஒன்று கிடைக்கும் மேலதிகச் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் மட்டும் போதும். அவன் எழும்பிய பிறகு காப்பைப் பற்றி யோசிக்கலாம்.

1இல் நிற்பது என்பதும் பாதுகாப்பான இடமில்லை. பெரிய பிராணிகள் ஒரு முறையில் இரண்டு மூன்று தடவை அடிக்கும். முதல் கடியில் காப்பு அறும், அடுத்த நகக்கீறலில் விழுவீர்கள். காப்பு உங்களுக்கு வாங்கித் தருவது ஓர் அடியின் அவகாசம்தான். அது பெரிய அடியாக இருக்கும்போது அதன் மதிப்புக் கூடும், சின்னச் சின்ன அடிகளில் கரையும்போது மதிப்புக் குறையும். ஆகவே டிராகனுக்குப் போகும் நாளில் காப்புப் போடுங்கள். எலிக்கூட்டத்துக்குப் போகும் நாளில் அந்த ஸ்லாட்டை, அதாவது நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற அளவில் ஒன்றை, வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மந்திரக்காரர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. நீங்கள் மனதைக் குவித்து ஒரு மந்திரத்தைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள், 80 சேதம் விழுகிறது, காப்பு உங்களை 1இல் நிறுத்துகிறது. நீங்கள் மயங்கவில்லை, ஆகவே குவிப்புத் தானாக அறுந்துபோகாது. நல்ல செய்தி. ஆனால் நீங்கள் பட்ட சேதம் 80தான்; காப்பு அதைக் குறைக்கவில்லை, நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்பதைத்தான் மாற்றியது. குவிப்பைக் காக்கும் தற்காப்பு வீச்சுக்கான இலக்கு 10 அல்லது சேதத்தின் பாதி, எது பெரியதோ அது. இங்கே 40. 2024 விதியில் 30க்கு மேல் போகாது என்று வரம்பு வைத்தார்கள். எப்படியும் அநேகமாகக் குவிப்புப் போய்விடும்.

உருமாறியவர்களின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. 2014 விதியில் ட்ரூயிட் கரடியாக மாறினால் கரடியின் உயிர்ப்புள்ளி வேறு, ட்ரூயிட்டின் உயிர்ப்புள்ளி வேறு. பழுப்புக் கரடிக்கு 34. ஐம்பது சேதம் விழுந்தால் கரடி பூச்சியமாகி ட்ரூயிட் பழைய உருவுக்கு வருவார், மிச்ச 16 அவருக்கு விழும். காப்பு இருந்தால்? சேதத்தால் பூச்சியத்துக்கு இறங்கவேண்டிய கணம் வந்துவிட்டது. காப்பு கரடியை 1இல் நிறுத்தி, தான் அறுந்துவிடும். மிச்ச 16 இல்லை. ட்ரூயிட் சாகும் ஆபத்திலேயே இல்லை, இருந்தும் காப்பு செலவாகிவிட்டது. முன்பு சொன்னேனே, காப்பில் தெரிவு இல்லை என்று. அதன் விலை இங்கேதான் தெரியும். கரடியாகச் சண்டைபோடும் ட்ரூயிட்டுக்குக் காப்புப் போடாதீர்கள், பக்கத்தில் நிற்கும் மனிதருக்குப் போடுங்கள். 2024இல் ட்ரூயிட் தன் உயிர்ப்புள்ளியையே வைத்துக்கொண்டு மேலதிகத் தற்காலிகப் புள்ளி மட்டும் பெறுவதால் இந்தச் சிக்கலே எழும்பாது.

எதிரி கெட்டிக்காரராக இருந்தால் அடிக்கும் முன்பே காப்பை அறுக்கப் பார்ப்பார். மந்திரத்தை முறிக்கும் டிஸ்பெல் மேஜிக்கை மூன்றாம் நிலையில் போட்டால், நான்காம் நிலை மந்திரமான காப்பை அறுக்கப் பகடை வீச்சில் 14ஐ எட்டவேண்டும். நான்காம் நிலை ஸ்லாட்டில் போட்டால் வீச்சே தேவையில்லை. மந்திரங்களை அடக்கிவைக்கும் ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் நின்றால் காப்பு அறாது, ஆனால் உறங்கும். நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருவருக்கு இரண்டு பேர் காப்புப் போட்டால் இரட்டைப் பலம் வராது. ஒரே பெயருள்ள மந்திரங்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை. ஓர் அடிக்கு ஒன்றுதான் வேலைசெய்யும். ஆனால் அந்த ஒன்று முடிந்தபிறகு மற்றதன் நேரம் மிச்சமிருந்தால், அதுமுதல் அது நடைமுறைக்கு வரும் என்று எங்கள் மேசையில் ஏற்றுக்கொள்கிறோம்.

இன்னொரு தந்திரம் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். நீண்ட ஓய்வு எட்டு மணி நேரம், காப்பும் எட்டு மணி நேரம். படுக்கும் முன் போட்டால் எழும்பும்போது முடிந்திருக்கும். ஆகவே ஓய்வின் கடைசிக் கட்டத்தில், காவலுக்கு விழித்திருக்கும் கிளெரிக் முந்தின நாள் மிச்ச ஸ்லாட்டால் எல்லோருக்கும் காப்புப் போட்டுவிட்டு, ஓய்வு முடிந்ததும் புது ஸ்லாட்டுகளைப் பெற்றுக்கொள்வார். 2014 விதியில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த மந்திர வேலை ஓய்வைக் குலைக்காது என்பதால் இது செல்லும். 2024இல் ஓய்வுக்குள் சின்னஞ்சிறு மந்திரங்களைத் தவிர எதைப் போட்டாலும் ஓய்வு குலையும். நான் பழைய விதியில் இதை மறுப்பதில்லை. முந்தின நாள் ஸ்லாட்டைச் சேமித்துவைத்த பொறுமைக்கு ஒரு பலன் இருக்கட்டும்.

பழைய பதிப்பு விளையாடிய அண்ணாமார் யாராவது உங்கள் மேசையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மூன்றரைப் பதிப்பிலும் டெத் வார்ட் என்ற பெயரில் ஒரு மந்திரம் இருக்கிறது, கிளெரிக்குக்கு நான்காம் நிலைதான். ஆனால் அது வேறு வரம். சாவு மந்திரங்கள், மந்திரத்தால் வரும் சாவு விளைவுகள், உயிராற்றலை உறிஞ்சுதல் ஆகியவற்றிலிருந்து முழு விலக்குத் தரும், அதன் நேரம் முடியும்வரை எத்தனை தடவையென்றாலும். வாள்வெட்டுக்கு ஒன்றும் செய்யாது. அங்கே உயிர்ப்புள்ளி -10க்குப் போனால் சாவு, டெத் வார்ட் அதில் தலையிடாது. ஓர் அண்ணா அந்த நினைப்பில் "காப்பு அடிக்கு உதவாது" என்று அடித்துச் சொல்லி, எங்கள் ஆட்டம் அரை மணி நேரம் நின்றது. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், வெவ்வேறு புத்தகத்திலிருந்து.

அதற்குப் பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். கொப்பி மட்டையில் உள்ளங்கை அளவு ஓர் அட்டை வெட்டி, காப்பின் இரண்டு வாக்கியங்களையும் தமிழில் எழுதினோம். காப்புப் போடப்பட்டவர் முன்னால் அந்த அட்டை இருக்கும். அறுந்ததும் கிளெரிக்கிடம் திரும்பிப்போகும். அட்டையின் பின்பக்கம் எங்கள் மேசையின் தீர்ப்புகளுக்கு. சண்டை தொடங்கும் முன்பு, யார் பாத்திரமும் ஆபத்தில் இல்லாதபோது, எல்லோருமாகக் கதைத்து முடிவெடுத்து எழுதுகிறோம். செத்தபிறகு கதைத்தால் யாராவது ஒருவர் மனம் நொந்துதான் எழும்புவார்.

பின்பக்கத்தில் இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன. பான்ஷி: காப்பு நிற்கும். ஷேடோ: நிற்காது. இரண்டு காப்பு: ஒன்றன்பின் ஒன்று. நான்காவது வரியைத் தங்கச்சி தன் கையாலேயே எழுதினாள்: "தண்ணிக்குள்ள போறவைக்கு முதல்ல மூச்சு, பிறகு காப்பு."